நான்காம் அத்தியாயம் இல்லாத ஆய்வேடு

உயர்பட்ட விதிகள், விதி 17, உட்பிரிவு (உ): ஆய்வின் முடிவு, பதிவு செய்யப்பட்ட தலைப்போடு முரண்படுமாயின், கால எல்லை கடந்த பின்னரும் தலைப்பை மாற்றிக்கொள்ள ஆய்வாளர் விண்ணப்பிக்கலாம். தகுந்த காரணம் கண்டு புலத் தலைவர் அனுமதிக்கலாம். இப்படியொரு வழி இருப்பதை உயர்பட்டக் குழுவின் செயலாளர் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும்.

கடைசி வாக்கியம் நான் எழுதிச் சேர்த்தது. முதல் வரைவில் அது இல்லை. சேர்த்தபோதும் 'தெரிவிக்கலாம்' என்றிருந்தால் போதுமே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். 'தெரிவிக்கலாம் என்றால் யாரும் தெரிவிக்க மாட்டார்கள்' என்று சொல்லி 'வேண்டும்' என்றே நிலைநாட்டினேன். மனிதர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம். அந்தக் குழுவின் செயலாளரும் நான்தான்.

பினாங்குத் தீவின் கெலுகோரில் ஒரு மேட்டின் மேலிருந்த உயர்கல்வி நிறுவனத்தில் உதவிப் பதிவாளராக இருந்தேன். பேராசிரியர்கள் விதிப்புத்தகத்தைத் திறப்பதைவிட எனக்குத் தொலைபேசி போடுவதை விரும்பினார்கள். எந்த மனு எந்தக் குழுவுக்கு எத்தனை பிரதிகளில் எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்று எழுந்து அலமாரி வரை போகாமலே சொல்வேன். நான் சொன்னதை யாரும் சரிபார்த்ததில்லை. அப்போது அது எனக்குப் பெருமையாக இருந்தது.

புலத் தலைவர் தாவரங்களின் வேதியியல் தெரிந்தவர், நல்ல மனிதர், காகிதம் என்றால் அவருக்குப் பயம். என் மேசையிலிருந்து போகும் தாளில் அவர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைத்து அனுப்புவேன். அவர் புள்ளியைப் பார்த்துக் கையெழுத்திடுவார். புள்ளி இல்லாத தாள் கையெழுத்தில்லாமல் என்னிடமே திரும்பி வரும். இது எந்த விதியிலும் இல்லை. ஆனால் அந்தக் கட்டடத்தில் இருந்த எல்லோருக்கும், தேநீர் கொண்டுவரும் அம்மா உட்பட, தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் இயற்பியல் பட்டதாரி. இரண்டாம் வகுப்பு, அதிலும் கீழ்ப்பகுதி. பேச்சில் இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை.

நான் சொல்ல வந்த ஆய்வாளர் எங்கள் கணினி மையத்தில் கணினியை இயக்கும் ஊழியராக வேலை பார்த்தார். அந்தக் காலத்துக் கணினி ஓர் அறையை அடைத்துக்கொண்டு நிற்கும். குளிரூட்டி ஓயாமல் ஓட வேண்டும். பினாங்கு வெயிலில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நடந்த ஒரே மனிதர் அவர்தான் என்று நினைக்கிறேன். எதிர்க்கரையில் பத்து காவான் என்ற இடத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பட்டர்வொர்த்தில் வாடகை வீடு. பாலம் இன்னும் திறக்காத காலம். தினமும் மோட்டார் சைக்கிளை ஃபெரியில் ஏற்றிக்கொண்டு தீவுக்கு வருவார். என்னைவிட ஆறு வயதுதான் இளையவர். எங்கள் வீட்டுப் பேச்சில் மட்டும் அவர் எப்போதும் 'பெடியன்', சின்னப் பையன்.

அந்தச் சொல்லுக்குள் ஒரு கதை இருக்கிறது. என் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். காலையில் வேலையாட்கள் வரிசையாக நிற்க, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பெயர் பதிபவர். அந்த மேசை எங்கள் குடும்பத்தை விட்டுப் போகவேயில்லை. தகப்பனார் ஓய்வு பெற்ற பிறகும், நாங்கள் நகரத்துக்கு வந்த பிறகும், 'தோட்டத்து ஆட்கள்' என்று சொல்லும்போது எங்கள் குரல் தானாகக் கொஞ்சம் உயரும். அவர் முதன்முதலாகப் பதிவுக்கு வந்தபோது நான் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டேன். அவர் எல்லாவற்றுக்கும் தமிழிலேயே பதில் சொன்னார். ஆங்கிலம் தெரியாது போலும் என்று நினைத்தேன். அவர் ஆய்வேட்டின் ஆங்கிலம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அதைப் பிறகுதான் பார்த்தேன்.

வேலை பார்த்துக்கொண்டே முதுநிலை ஆய்வுப் பட்டத்துக்குப் பதிந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கணினி சும்மா இருக்கும். அப்போது தன் கணக்கை ஓட்டிக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தார். ஒப்பந்தத்தில் வந்திருந்த ஓர் ஆங்கிலேயர் அவருக்கு மேற்பார்வையாளர். தலைப்பை அவர்தான் கொடுத்தார்: முற்றிலும் கலக்கும் கடினக் கோளக் கலவைகளின் வெப்ப இயக்கப் பண்புகள்.

கடினக் கோளம் என்பது கோலிக்குண்டு மாதிரி. ஒன்றையொன்று இழுக்காது. ஒட்டாது. ஒன்றுக்குள் ஒன்று புகாது, அவ்வளவுதான் அதன் குணம். திரவத்தின் நடத்தையைக் கணக்கில் பிடிக்க விரும்புபவர்கள் மற்ற எல்லாவற்றையும் கழித்துவிட்டு இந்த ஒரு குணத்திலிருந்து தொடங்குவார்கள். கேள்வி இதுதான்: பெரிய குண்டுகளையும் மிகச் சிறிய குண்டுகளையும் கலந்து ஒரு திரவம் இருந்தால், அவை எண்ணெயும் தண்ணீரும் போல இரண்டாகப் பிரியுமா? எண்ணெயும் தண்ணீரும் பிரிய மூலக்கூறுகளின் விருப்பு வெறுப்பு காரணம். குண்டுகளுக்கு விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. ஆகவே பிரியாது. அறுபதுகளில் இதைக் கணக்காகவே காட்டியிருந்தார்கள். ஒரு தோராயச் சமன்பாட்டைத் துல்லியமாகத் தீர்த்து, அளவு வித்தியாசம் எவ்வளவு இருந்தாலும் கலவை பிரியாது என்றார்கள். 'தோராயம்', 'துல்லியம்' என்ற இரண்டில் பிந்தியதுதான் எல்லோர் மனதிலும் தங்கியது. என் மனதிலும்தான்.

அவர் வேறொரு தோராயத்தை எடுத்துக்கொண்டார். அதைக் காகிதத்தில் தீர்க்க முடியாது. ஓர் ஊகத்தைக் கணினிக்குக் கொடுக்க வேண்டும். அது ஒரு விடை தரும். அந்த விடையையே திரும்பக் கொடுக்க வேண்டும். விடை மாறாமல் நிற்கும் வரை இப்படியே. சிறிய குண்டு பெரியதில் பாதி, மூன்றில் ஒரு பங்கு என்று இருந்தபோதெல்லாம் விடை ஒழுங்காக நின்றது. ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய், நெரிசலையும் கூட்டியபோது விடை நிற்க மறுத்தது. ஆங்கிலேயர் 'உன் நிரலில் பிழை' என்றார். மாதக்கணக்கில் ஆய்வாளர் அந்தப் பிழையைத் தேடினார். பச்சைக் கோடு போட்ட அகலத் தாள்களைச் சுருட்டி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். பிழை கிடைக்கவில்லை. கணக்கு நின்றுபோவதற்குச் சற்று முன் ஓர் எண் மட்டும் வீங்கிக்கொண்டே போவதைக் கண்டார். பெரிய குண்டுகள் தொலைவு வரைக்கும் தங்களுக்குள் கூடுவதைக் காட்டும் எண் அது.

இதை அவர் எனக்குச் சொன்னது ஃபெரியில். ஒரு ஞாயிறு, பட்டர்வொர்த்தில் மைத்துனி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். கீழ்த்தட்டில் லாரிகளுக்கிடையே நின்றிருந்தவர் என் காரைப் பார்த்துக் கை காட்டினார்.

"அண்ணே, கம்ப்யூட்டர் தோக்கல. அந்தக் கலவைதான் ஒண்ணா இருக்க மாட்டேங்குது."

"ஈர்ப்பு இல்லாத இடத்தில் பிரிவதற்கு என்ன காரணம்?" என்றேன். என் இரண்டாம் வகுப்புக்கு இது நல்ல கேள்வி.

அவர் சிரித்துக்கொண்டே தட்டைக் காட்டினார். ஃபெரிக்காரர் ஒரு லாரியைக் கையசைத்து இன்னொரு லாரியின் பக்கத்தில் நெருக்கிக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளு என்ன பண்றான் பாருங்க. லாரிக்கும் லாரிக்கும் பாசமா? இல்லலா. லாரிய ஒட்டி மோட்டார் நிக்க முடியாது. ஹேண்டில் இடிக்கும். சுத்தி ஒரு முழம் வேஸ்ட். ரெண்டு லாரிய ஒட்டி வச்சா, ரெண்டு பேர் வேஸ்டும் ஒண்ணாப்போவும். எங்களுக்கு எடம் கெடைக்கும்." இரண்டு முட்டிகளையும் சேர்த்து அழுத்திக் காட்டினார். "பெருசு ரெண்டும் ஒட்டுறதுக்குக் காரணம் பெருசு இல்லண்ணே. சின்னதுங்க. சின்னதுங்களுக்கு எடம் வேணும், அதான் பெருசத் தள்ளுது."

எனக்கு விளங்கிற்று. சட்டென்று, முழுமையாக. பட்டம் வாங்கிய பிறகு இயற்பியலில் ஏதாவது எனக்கு அப்படி விளங்கியது அந்த ஒரு முறைதான். தலையை ஆட்டினேன். "யோசிக்க வேண்டிய விஷயம்" என்றேன். கரை வந்தது, லாரிகள் புகை விட்டன, அவரவர் வழியில் போனோம்.

சில மாதம் கழித்து அவர் துறையில் ஒரு கருத்தரங்கு நடத்தினார். நான் போயிருக்க வேண்டியதில்லை. ஆனால் இயற்பியல் துறையில் யாராவது எதையாவது பேசினால் பின்வரிசையில் போய் உட்காருவது என் வழக்கம். அங்கே நான் அலுவலகக்காரன் இல்லை, பட்டதாரி. பேச்சு முடிந்ததும் எழுந்தேன். முதல் நாள் மாலையே நூலகத்தில் தயாரித்த கேள்வி. அறுபதுகளின் தீர்வைச் சொல்லி, வருடத்தைச் சொல்லி, ஈர்ப்பு இல்லாத அமைப்பில் பிரிதலுக்குக் காரணமே இருக்க முடியாதே என்று ஆங்கிலத்தில், நல்ல உச்சரிப்பில் கேட்டேன்.

ஏன் அப்படிக் கேட்டேன்? ஃபெரியில் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. கேள்வி பதிலுக்காக இல்லை. துறையினர் திரும்பிப் பார்த்து, 'பதிவாளர் அலுவலகத்தில் விஷயம் தெரிந்த ஓர் ஆள்' என்று நினைக்க வேண்டும். அவ்வளவுதான்.

அவர் முகம் மலர்ந்தது. நண்பனைக் கண்டவர் போலத் தமிழில் சொன்னார்:

"அண்ணே, ஃபெரில சொன்னேனேலா, லாரியும் மோட்டாரும்! அன்னைக்கு நல்லாத் தலையாட்டுனீங்களே!"

தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாதவர்கள் விஷயத்தைக் கேட்டு வாங்கிச் சிரித்தார்கள். இரண்டாம் சிரிப்புதான் நீளமாக இருந்தது. நானும் சிரித்தேன். அவர் மனதில் துளியும் கபடமில்லை. அதுவே எனக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது. கெண்டினில் ஒரு விரிவுரையாளர் பாலில்லாத கோப்பி ஓவைக் கலக்கியபடி, "என்ன சார், இன்னைக்கு லாரி எந்தப் பக்கம்?" என்றார். இரண்டு வாரம் இப்படிப் போயிற்று. பிறகு எல்லோரும் மறந்துவிட்டார்கள், ஒருவரைத் தவிர.

அதற்குள் ஆங்கிலேயர் ஒப்பந்தம் முடிந்து ஊர் போய்விட்டார். பொறுப்பு மேற்பார்வையாளராகப் புலத் தலைவரின் பெயர் போடப்பட்டது. போட்டது நான்.

அவர் ஆய்வேட்டைத் தட்டச்சுக்குக் கொடுக்கும் நேரம் வந்தபோது, முகப்பில் இருந்த எங்கள் எழுத்தர் சுருக்கத்தைப் படித்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார். எங்கள் அலுவலகத்தில் அது வழக்கம்: தலைப்பையும் சுருக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. தலைப்பு 'முற்றிலும் கலக்கும்' என்கிறது. நான்காம் அத்தியாயம் 'கலக்காது, பிரியும்' என்கிறது. தலைப்பை மாற்றும் கெடு ஆறு மாதத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. அவருடைய பதிவுக் காலமோ இன்னும் மூன்று வாரத்தில் முடிகிறது. அதற்குள் ஆய்வேடு உள்ளே போகாவிட்டால் ஐந்து ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் போயிற்று.

என் அறைக்கு வந்தார். கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"அண்ணே, நான் சொல்றது தப்பா இருந்தா எக்ஸாமினர் தப்புன்னு எழுதட்டும். படிக்காமலே திருப்பிட்டா எப்படிண்ணே?"

"முகப்பில் செய்தது முறைதான்."

"முறைதான்லா. நான் இல்லங்கல." கம்பளிச் சட்டையை மடித்து மடியில் வைத்தார். "நாலாவது சாப்டர் வெளிய போனா, யாராச்சும் பாப்பாங்க. வெளிநாட்டு எக்ஸாமினர். அவரு சரின்னுட்டா டாக்டரேட்டுக்கே மாத்திக்கலாம்னு போன வாத்தியார் சொல்லியிருக்காரு. இல்லாட்டி மொத மூணு சாப்டர்ல ஒண்ணும் இல்ல. ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்." பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்: "ரூல்ல ஏதும் வழி இருக்காண்ணே?"

விதிப்புத்தகம் என் இடது முழங்கைக்கு அருகில் இருந்தது. அதில் அந்தப் பக்கத்தின் மடிந்த மூலைகூட எனக்குத் தெரியும்.

"அப்படியொரு வழி விதியில் இல்லை" என்றேன்.

அவ்வளவுதான். ஒரே வாக்கியம். குரல் உயரவில்லை. அனுதாபமாகத் தலையைக்கூட ஆட்டினேன் என்று நினைவு. தலையாட்டுவதில் எனக்கு நல்ல பழக்கம்.

அவர் மேசையைச் சில நொடி பார்த்துக்கொண்டிருந்தார். "சரிண்ணே" என்று எழுந்தார். சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு போனார். பேனா இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன்.

மறுவாரம் மூன்று அத்தியாயங்களோடு ஆய்வேடு வந்தது. நான்காவதைத் தனியாகக் கட்டி என்னிடம் கொடுத்தார். "உங்க ஃபைல்ல கெடக்கட்டும்ணே" என்றார். வாங்கிக்கொண்டேன். புறத் தேர்வாளர் எழுதிய அறிக்கை அரைப் பக்கம்: கவனமான வேலை, புதிதாக எதுவும் இல்லை, பட்டம் கொடுக்கலாம். புதிதாக எதுவும் இல்லை என்ற வரியை நான் கோப்பில் வைக்கும்போது இரண்டு முறை படித்தேன். பட்டம் கிடைத்தது. விரிவுரையாளர் பதவிக்கு மனுப்போட்டார், கிடைக்கவில்லை. பாலம் திறந்த அடுத்த ஆண்டு வேலையை விட்டுவிட்டு ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் கணினிப் பிரிவுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். 'நல்ல சம்பளம், பரவாயில்லை' என்று நான்கு பேரிடம் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

அந்த ஆய்வேடு வந்து ஆறு ஆண்டுகள் ஓடின. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நூலகத்தில் புதிதாக வந்த ஆய்விதழ்களைப் புரட்டுவது என் பொழுதுபோக்கு. பாதி புரியாது, ஆனால் புரட்டுவதைப் பார்ப்பவர்களுக்கு அது தெரியாது. 1991இல் ஒருநாள் அப்படிப் புரட்டும்போது கையை எடுக்க முடியாமல் ஒரு பக்கத்தில் நின்றேன். ஐரோப்பாவில் இருவர். கடினக் கோளங்கள், இரண்டு அளவு. அளவு வித்தியாசம் ஐந்து மடங்கைத் தாண்டினால் கலவை பிரியும். பழைய தோராயம் அதைக் காணத் தவறியது. புதிய தோராயத்தில் கணக்கு நிற்காமல் போகும் இடத்தை வைத்தே கண்டுபிடித்திருந்தார்கள். அந்த வீங்கும் எண்ணின் படமும் இருந்தது. அந்த வளைகோட்டை நான் ஏற்கனவே கருத்தரங்கில் பார்த்திருந்தேன், பச்சைக் கோட்டுத் தாளில், கையால் வரைந்தது.

அலுவலகம் போய்க் கோப்பை எடுத்தேன். கட்டிய நூல் அவிழாமல் அப்படியே இருந்தது.

வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்ததைப் பார்த்து மனைவி கேட்டாள்:

"என்னப்பா, கறி சரியில்லையோ?"

சொன்னேன். அவளுக்குக் கோளமும் தெரியாது, விதியும் தெரியாது. ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும்.

"அந்தப் பத்து காவான் பெடியனுக்கோ? வழி இருக்கெண்டு நீங்கள் சொல்லேல்லையோ?"

"இல்லை."

"மறந்து போனியளோ?"

"இல்லை."

"அப்ப?"

நான் தட்டைப் பார்த்தேன்.

"அப்ப அது மறதி இல்லை" என்றாள். "அதுக்கு என்ன பேரெண்டு நீங்களே யோசிச்சு வையுங்கோ. எல்லாத்துக்கும் ஒரு பேர் வைச்சிருப்பியளே." எழுந்து போனவள் கதவருகில் நின்றாள். "பெடியன் பெடியன் எண்டு நானும்தான் சொன்னனான். அந்த மனுசனுக்கு இப்ப நாப்பத்தெட்டு வயசு இருக்கும், என்ன?"

முதலில் நான் எழுதியது குழுவுக்கு ஒரு குறிப்பு. கோப்பு எண், பொருள், மேற்கோள், எல்லாம் முறைப்படி. 'விதி 17 (உ) தொடர்பான தகவல் ஆய்வாளருக்குத் தெரிவிக்கப்படாமல் போயிற்று' என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தால் மழை பெய்ததைச் சொல்வது போல இருந்தது. யார் தெரிவிக்கவில்லை என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. முப்பது ஆண்டு அப்படி வாக்கியம் எழுதித்தான் சம்பளம் வாங்கியிருக்கிறேன். கிழித்துப் போட்டேன்.

பிறகு அவருக்கே எழுதினேன். தமிழில் எழுதினேன், ஆங்கிலத்தில் எனக்குத் தப்பிக்கும் வழிகள் அதிகம் தெரியும். விதி இருந்தது, எனக்குத் தெரியும், நீங்கள் கேட்டீர்கள், இல்லை என்று பொய் சொன்னேன். கருத்தரங்கில் சிரித்தார்கள் என்பதற்காகச் சொன்னேன். தோட்டத்திலிருந்து வந்த ஒருவர் எனக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தார் என்பதற்காகவும் சொன்னேன். இந்தக் கடைசி வரியை மூன்று முறை அடித்து மூன்று முறை திரும்ப எழுதினேன். நான்காம் அத்தியாயத்தையும் அந்த ஆய்விதழ்ப் பக்கங்களின் பிரதியையும் சேர்த்துத் தொழிற்சாலை முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதற்கான சீட்டு அவர் கையெழுத்தோடு திரும்பி வந்தது. கடிதம் வரவில்லை.

மேற்பார்வையாளர்கள் முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அதுவும் நான் எழுதியதுதான். முப்பது நாள் கழிந்தபோது எனக்கு அது நினைவுக்கு வந்தது என்பதைச் சொல்லக் கூசுகிறது. ஆறு ஆண்டு தாமதித்தவன் முப்பது நாளை எண்ணினேன்.

ஒரு சனிக்கிழமை பாலத்தைத் தாண்டி ஜுருவுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். தொழிற்சாலை வாசலுக்கு எதிரே நிறுத்தினேன். பகல் சங்கு ஊதியதும் ஆட்கள் வெளியே வந்தார்கள். அவரும் வந்தார். தலை பாதி நரைத்திருந்தது. வெயிலில் அதே கம்பளிச் சட்டை. கூட வந்தவரிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டே சாலையைக் கடந்து, என் காருக்கு இரண்டு கார் தள்ளி இருந்த சாப்பாட்டுக் கடைக்குள் போனார். கதவைத் திறக்கக் கையை வைத்தேன். என்ன சொல்வது என்பதற்கு மூன்று வரைவு தயாராக இருந்தது. மூன்றிலும் என்னை மன்னிப்பதற்காக அவர் தன் சாப்பாட்டை ஆறவிட வேண்டியிருந்தது. அவர் சாப்பிட்டு முடித்துத் திரும்பிப் போகும் வரை உள்ளேயே இருந்தேன். பிறகு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தப் பிரிதல் கதையும் அத்தோடு முடியவில்லை. பிறகு வந்தவர்கள், பிரிவதற்கு முன்பே பெரிய குண்டுகள் படிகமாகிவிடும், ஆகவே திரவம் இரண்டாகப் பிரிவது கண்ணில் படாமலே போகும் என்று காட்டினார்கள். அதைப் படித்தபோது ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அது என் குற்றத்தைக் கொஞ்சம் குறைக்கும் என்று ஒரு வாரம் நம்பினேன். பிறகு நினைவு வந்தது: தபாலில் போடுமுன் நான்காம் அத்தியாயத்தை முழுவதும் படித்திருந்தேன். அதன் கடைசிப் பக்கத்தில், இது உறைதலோடு எப்படிப் பொருந்தும் என்று இன்னும் பார்க்க வேண்டும் என ஒரு வரி இருந்தது. பார்க்க அவருக்கு இடம் கொடுத்திருந்தால் பார்த்திருப்பார்.

பதில் வந்தது நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு. அலுவலகத்துக்கு அல்ல, வீட்டுக்கு. தடித்த உறை. உள்ளே கோடு போட்ட தாளில் ஒரு பக்கக் கடிதமும், நான்காக மடித்துப் பழுப்பேறிய இன்னொரு தாளும் இருந்தன. கடிதத்தைப் பேசுவது போலவே எழுதியிருந்தார்.

'அண்ணே, உங்க கடிதம் கெடச்சது. சாப்டரும் கெடச்சது. அந்த ரெண்டு பேர் எழுதுனதையும் படிச்சேன். நல்லா செஞ்சிருக்காங்க. என்ன எழுதுறதுன்னு தெரியாம நாளாயிருச்சு. நீங்க பொய் சொல்லிட்டேன்னு எழுதியிருக்கீங்க. அந்த ரூல் எனக்கு அப்பவே தெரியும்ணே. லைப்ரரில புத்தகம் இருக்குதே. உங்க ரூமுக்கு வர்றதுக்கு மொத நாளே படிச்சு, மனுப் போராங்கையும் எழுதி சட்டைப் பையில வச்சிருந்தேன். ஆனா டீன் கையெழுத்துப் போடணும்னா நீங்க பென்சில்ல புள்ளி வைக்கணும். அதான், நீங்களாச் சொல்றீங்களான்னு கேட்டுப் பாத்தேன். நீங்க இல்லன்னதும் எங்கப்பா கிராணி மேசைக்கு முன்னால நின்னது ஞாபகம் வந்துருச்சு. அவரும் ஒண்ணும் பேசாமத்தான் வருவாரு. அந்தப் போராங்க இவ்வளவு நாள் வச்சிருந்தேன். இனி எனக்கு வேணாம். உங்ககிட்டயே இருக்கட்டும். அக்காவ கேட்டதாச் சொல்லுங்க.'

மடித்த தாளைப் பிரித்தேன். தலைப்பு மாற்ற விண்ணப்பம். எல்லாக் கட்டங்களும் அழகான கையெழுத்தில், ஒரு பிழையும் இல்லாமல், முகப்பில் யாரும் திருப்பித் தர முடியாதபடி நிரப்பியிருந்தது. கீழே புலத் தலைவரின் கையெழுத்துக்கான கோடு மட்டும் காலி.

பென்சில் என் கைக்கு வந்துவிட்டது, பழக்கம். கோட்டுக்கு மேலே ஒரு விநாடி பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்த இடத்தை விட்டுவிட்டு, வந்த எந்தத் தாளுக்கும் செய்வது போல மேல் மூலையில் மட்டும் எழுதினேன். பெறப்பட்டது: 19 ஆகஸ்ட் 1992.